சிகாகோ போய்ச் சேரும் நேரம்

அத்தியாயம் 6

ஞானசிகாமணி விழுந்தார்.

ஐம்பத்திரண்டு வயதில், அதற்கேற்ற தொந்தியுடன், விசாரணைக்குப் போன வீட்டுக் கூடத்தில், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே விழுந்தார். கரமனை அக்ரஹாரத்தில் ஆடிட்டர் வெங்கடகிருஷ்ணனின் வீடு அது. அப்போதுதான் கழுவிவிட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை பளபளவென்று கிடந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு மரியாதையாக எடுத்து வைத்த வலது கால், அவரைக் கேட்காமலே சாமி அறைப் பக்கம் போயிற்று. மீதி உடம்பும் பின்னாலேயே போயிற்று.

"அய்யோ, பாத்து வாங்கோ! இன்னும் காயலை" என்றார் ஆடிட்டரின் மனைவி சுப்புலக்ஷ்மி. விழுந்த பிறகு சொன்னார். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் முடிந்திருந்தார்.

பின்னால் வந்த உதவியாளன் மஹேஷ் குனிந்து பார்த்தான். "அண்ணாச்சி, கீழே ஏதாவது துப்பு கெடைச்சுதா?"

"லேய், கையைக் குடுடே. பல்லைக் காட்டாத."

மஹேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கிவிட்டான். கணுக்கால் சுரீர் என்றது. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை, இனியும் நடக்காது என்று ஞானசிகாமணிக்கு அந்த வலியே சொல்லிவிட்டது.

வந்த காரியம் இது. நேற்று மாலை ஏழு மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், ஈஞ்சக்கல் பக்கம் ஒரு கார் லாட்டரி விற்கும் பெரியவர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. யாரோ நம்பரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கார் ஆடிட்டருடையது. ஒரு பக்க விளக்கு உடைந்து, தெருக்கோடியில் வழக்கமாக நிற்கும் காலி மனையில் நின்றது. ராத்திரியே போலீஸ் போய், ஆடிட்டரின் டிரைவர் விபினை வீட்டில் வைத்துப் பிடித்துவிட்டது.

விபின் சொல்வது ஒன்றே ஒன்று. "சாருதான் எனக்கு லீவு குடுத்தாரு. அம்மைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்னு சொன்னேன். ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன், நீ போடான்னு சாவியை வாங்கிக்கிட்டாரு." அவன் சொல்வதற்குச் சாட்சி, ஞானசிகாமணியின் துப்பறியும் ஆபீஸுக்கு ஓடி வந்த அவனுடைய அம்மா தாசம்மாள். பெற்ற தாயின் சாட்சியை எந்த ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்கள்? இன்று மாலை ஐந்து மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அரசு பஸ் டிரைவர் வேலைக்கு ஆறு வருஷம் காத்திருந்து ஆர்டர் வாங்கியவன் விபின். திங்கட்கிழமை சேர வேண்டும். இந்தக் கேஸில் உள்ளே போனால் வேலையும் போய்விடும்.

"டாக்ஸிலதான் போனார்" என்றார் சுப்புலக்ஷ்மி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆறரைக்கு ஆத்துலேர்ந்து எறங்கினார். பெட்டியை உருட்டிண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து போனதை எல்லாரும் பாத்தா. டாக்ஸி அங்கதான் நின்னுது. கார்ச் சாவி ஒண்ணு விபின்கிட்ட எப்பவும் உண்டு. அவன் எடுத்துண்டு போனானா என்னன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"சார் இப்ப எங்கம்மா இருப்பாரு?"

"வானத்துலதான். பத்து மணி ப்ளைட். தோஹாவுல எறங்கி மாறணும். பொண்ணு சிகாகோவுல இருக்கா. அங்க போய் எத்தறதுக்கு நம்ம மணிக்கு ராத்திரி ஒம்பது ஆகும். அதுவரைக்கும் போன் கெடைக்காது."

சொல்லிவிட்டு அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பொய் என்று ஞானசிகாமணிக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை எந்தக் கோர்ட்டில் கொடுப்பது? டிக்கெட்டின் பிரதியை அந்த அம்மாள் தாமாகவே எடுத்து வந்து காட்டினார். பெயர் சரி, தேதி சரி, விமானம் சரி. ஞானசிகாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகவே இருந்தது.

வாசலுக்கு வந்ததும் மஹேஷின் போன் அடித்தது. பேசியது அவன் அம்மா. வலியசாலையிலிருந்து அவர் பேசியது கரமனை வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"டேய், மாளவிகா எறங்கிட்டாளா?"

"இல்லைம்மா. மெல்போர்ன் என்ன மார்த்தாண்டமா? மூணு மணியாகும்."

"மூணா? அதுவரைக்கும் நான் என்னடா பண்றது?"

"காப்பி குடி" என்று சொல்லிவிட்டு வைத்தான். "அக்கா நேத்து ராத்திரி கெளம்பினா, அண்ணாச்சி. அம்மா ப்ளேனுக்குப் பின்னாலேயே ஓடிண்டிருக்கா."

"அவங்களுக்காவது ப்ளேன் எங்க இருக்குன்னு தெரியும். எனக்கு அதுவும் தெரியல்லயே" என்று நொண்டிக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறினார் ஞானசிகாமணி.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், மூடிய கதவு ஒவ்வொன்றாகப் போய் முட்டிக்கொண்டார்கள். விமானக் கம்பெனியின் கவுண்டரில் இருந்த பெண் புன்னகை மாறாமல், பயணிகள் விவரம் தருவதற்கில்லை என்றாள். போலீஸிடமிருந்து கடிதம் வந்தால்? மேலிடத்துக்கு அனுப்புவோம். மேலிடம் எப்போது பதில் தரும்? வேலை நாளில். நாளைக்குச் சனிக்கிழமை. டாக்ஸி ஸ்டாண்டில் யாரும் ஆடிட்டரை ஏற்றவில்லை. ஆப்பில் வரச் சொல்லியிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க முடியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ்காரர் ஜிஜி போனில் கிடைத்தார்.

"டிக்கெட் பக்கா கன்ஃபர்ம், சாரே. நான்தான் போட்டுக் கொடுத்தது. பின்னே, ஆளு ஏறினானா இல்லையான்னு எனக்கெங்கனெ அறியும்? நான் சீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லையே."

சப் இன்ஸ்பெக்டர் ஷாஜி கெட்டவர் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

"ஞானம் சாரே, வண்டி உண்டு, டிரைவர் உண்டு. டிரைவர் கையில் சாவி உண்டு. முதலாளி ப்ளைட்டில் உண்டு. இதில் சாருக்கு என்ன சந்தேகம்?"

"முதலாளி ப்ளைட்டுல இருக்காருன்னு யாரு பாத்தா?"

"ப்ளைட் போச்சல்லோ!" ஷாஜி தன் போனில் காட்டினார். விமானம் நேற்று பத்து மணிக்குச் சரியாகக் கிளம்பியிருந்தது. "சாருக்கு நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஆளை அஞ்சு மணிக்கு முன்னால் இங்கே கொண்டு வா. நானே விபினை வெளியில் விடுறேன்."

"சிகாகோவுலேர்ந்தா?"

"அது சாரோட காரியம்."

அந்த நேரம் பார்த்து மஹேஷின் போன் மறுபடி அடித்தது. ஷாஜி புருவத்தை உயர்த்தினார். மஹேஷ் மூலைக்குப் போய், "அம்மா, சிங்கப்பூர் தாண்டியாச்சு, கடலுக்கு மேல இருக்கா... இல்லை, கடல்ல இல்லை, கடலுக்கு மேல... நீ இப்ப ஒண்ணும் தொடாதே, நான் சொல்றேன்" என்று கிசுகிசுத்தான். ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஞானசிகாமணிக்கு மண்டைக்குள் ஏதோ கொதித்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு விமானம் எங்கே பறக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தனக்கு வேண்டிய ஒரே ஒரு ஆள் அதில் உட்கார்ந்திருக்கிறானா என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

*

சாலைக் கடைத்தெருவில், கயிறும் தார்ப்பாயும் மொத்த விலைக்கு விற்கும் கடைக்கு மேலே இருக்கிறது 'ஞானம் டிடெக்டிவ்ஸ்'. மாடிப்படியில் தாசம்மாள் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் முகம், தலையில் முக்காடு. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சாரே, எனக்க பிள்ளைய விட்டாவளா?"

"பாத்துட்டு இருக்கோம்மா."

"நான் காய்ச்சல்னு சொல்லாம இருந்திருந்தா அவன் வண்டியோட போயிருப்பான். அந்தக் கெழவனுக்கும் ஒண்ணும் வந்திருக்காது. எனக்க காய்ச்சலாலத்தான் சாரே எல்லாம்" என்று சொல்லி, அழாமல் மறுபடி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது ஞானசிகாமணிக்கு. வீங்கிய காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, கீழேயிருந்து வந்த தார்ப்பாய் நாற்றத்தில் கண்ணை மூடினார். மணி ஒன்று.

"அண்ணாச்சி, ஒரு வெப்சைட்ல போட்டிருக்கான்" என்றான் மஹேஷ். அவனால் சும்மா இருக்க முடியாது. "திருவனந்தபுரம் டு சிகாகோ. தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. பறக்கிற நேரம் பதினேழரை மணி."

"நேரா ப்ளேனே கெடையாதேடே."

"அதான் நானும் யோசிக்கறேன். யாருக்குப் போட்டிருக்கான்? காக்காய்க்கா?"

"வாயை மூடுடே."

"சைக்கிள்ல போனா எத்தனை நாள்னு கூட..."

"மஹேஷ்!"

அவன் வாயை மூடினான். ஞானசிகாமணி விரல் விட்டு எண்ணினார். ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட். ஒன்பது மணிக்கு ஆடிட்டர் சிகாகோவில் இறங்குவார். நாலு மணி நேரம் இடிக்கிறது. அவர் நல்லவராகவே இருந்து, இறங்கியதும் போனில் உண்மையைச் சொன்னாலும், அதற்குள் விபின் ஜெயிலில் இருப்பான். இன்றே அடுத்த விமானத்தில் திரும்பினாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வர முடியாது. பூமி இத்தனை பெரியதாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? மேசையில் ஓங்கிக் குத்தினார். வலி காலில் தெரிந்தது.

"அவரு ப்ளேன்ல ஏறல்ல. எனக்குத் தெரியும். இடிச்சவரு பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டாரு. ஆனா தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அந்தம்மா டிக்கெட்டைக் காட்டுது, ஷாஜி ப்ளேனைக் காட்டுறான். நான் எதைக் காட்டுறது? எனக்க காலையா?"

போன் அடித்தது. மூன்றாவது முறை. ஞானசிகாமணி அதைப் பிடுங்கித் தானே பேசிவிடுவது என்று கை நீட்டினார். நீட்டிய வேகத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"டேய் மஹேஷ், இதுக்கு மேல என்னால முடியாதுடா! நேத்து அவ பெட்டி கட்டினதுல கூடம் பூரா முறுக்குத் தூளும், சணல் துண்டும், காயிதமும் கெடக்கு. எறும்பு சாரி சாரியா வந்துடுத்து. வெள்ளிக்கிழமையுமா தலைக்குக் குளிக்காம உக்காந்திருக்கேன். அவ எறங்கிட்டாளான்னு ஒழுங்காப் பாத்துச் சொல்லேன்! எப்படா நான் வீட்டைப் பெருக்கறது?"

ஞானசிகாமணியின் கை அந்தரத்தில் நின்றது.

"மாமி" என்றார், மெதுவாக. "நான் ஞானசிகாமணி பேசுறேன். மக மெல்போர்ன் போனா, நீங்க வீட்டைப் பெருக்குறதுக்கு என்ன?"

சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார் மஹேஷின் அம்மா. "ஊருக்குப் போனவா போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கிக் கழுவப்படாது. நாமளும் தலைக்குக் குளிக்கப்படாது. பிணம் போன வீட்டுலதான் ஆள் எறங்கின ஒடனே கழுவிக் குளிப்பா. நல்லபடியா போறவாளுக்கு அப்படிப் பண்ணலாமோ? எத்தியாச்சுன்னு சேதி வந்தப்புறம்தான் துடைப்பத்தைத் தொடணும். உங்காத்துல இதெல்லாம் இல்லையா?"

"எங்க வீட்டுல ஜெபம் பண்ணி அனுப்பிட்டு ஒடனே பெருக்கிருவாங்க மாமி" என்று சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்தார். பிறகு தன் வீங்கிய கணுக்காலைப் பார்த்தார். மஹேஷும் அதையே பார்த்தான். இரண்டு பேர் வாயும் ஒரே சமயத்தில் திறந்தது.

"தரை ஈரம்!" என்றான் மஹேஷ்.

"தலையும் ஈரம்டே!"

"அண்ணாச்சி, சிகாகோ எத்த ராத்திரி ஒம்பது மணி ஆகும்னு அவாளே சொன்னா. காலம்பற பத்து மணிக்குக் கழுவி விட்டிருக்கா!"

"மறந்து போய்க் கழுவிட்டாங்கன்னு ஷாஜி சொல்லுவானே?"

"மறக்கறதாவது! வீடு தீப்பிடிச்சாக் கூட எங்கம்மா மாளவிகா எறங்கிட்டாளான்னு கேட்டுட்டுத்தான் தண்ணி ஊத்துவா." மஹேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "நானும் ஒரு அக்ரஹாரத்துல பொறந்துட்டு, நீங்க விழுந்ததைப் பாத்துச் சிரிச்சிண்டு நின்னேன் பாருங்கோ."

"நீ என்னைக்குடே வீட்டைப் பெருக்கியிருக்க, உனக்குத் தோணுறதுக்கு?" ஞானசிகாமணி எழுந்துவிட்டார். கால் வலித்தது, வலித்துவிட்டுப் போகட்டும். "ஆடிட்டர் போற எடத்துக்குப் போய்ச் சேந்துட்டாரு. காலைக்குள்ள சேதியும் வந்துட்டு. ராத்திரியே போய் எத்துற தூரத்துலதான் இருக்காரு. வண்டியை எடு!"

*

சுப்புலக்ஷ்மி கதவைத் திறந்தபோது கூந்தல் உலர்ந்து பின்னலாகியிருந்தது. ஞானசிகாமணி உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்று, காய்ந்து கிடந்த சிவப்புத் தரையைக் காட்டினார்.

"அம்மா, சார் எங்க போய்ச் சேந்தாரு?"

"அதான் சொன்னேனே, ராத்திரி ஒம்பது..."

"ஒம்பது மணிக்குச் சேர வேண்டியவருக்குக் காலையிலயே வீடு கழுவிட்டீங்களே?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. "வேலைக்காரி... அவள் கழுவிட்டுப் போயிட்டா."

"தலைக்கும் வேலைக்காரியா மாமி குளிச்சா?" என்றான் மஹேஷ்.

இந்தத் தடவை அதில் கேலி இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேசியபோது யாருக்கோ பதில் சொல்வது போல இல்லை, தன்னைத்தானே திட்டிக்கொள்வது போல இருந்தது.

"ராத்திரி பூரா தூங்கலை. விடிகாலம் அண்ணா போன் பண்ணி, எத்தியாச்சு, படுத்திருக்கார்னு சொன்னான். அப்பாடான்னு அப்புறம்தான் கண் அசந்தேன். வெள்ளிக்கிழமை. எழுந்து கழுவினேன், குளிச்சேன், கோலம் போட்டேன். சிகாகோன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு ஞாபகம் வச்சிண்டேன். கழுவப்படாதுங்கறது ஞாபகம் வரலை. அவர்தான் எத்தியாச்சே!"

"அண்ணன் எங்கம்மா இருக்காரு?"

"கல்லாறு. பஞ்சாபகேசன்னு பேரு. ஆத்தங்கரையில ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கான். நேத்து ராத்திரி யாரும் பாக்காம ஜீப்புல வந்து அவன்தான் அழைச்சிண்டு போனான்."

ஐம்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். காலையிலிருந்து பதினாலாயிரம் கிலோமீட்டரைக் கட்டிக்கொண்டு அழுததை நினைத்து ஞானசிகாமணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மணி இரண்டு. போய் அழைத்து வர நேரம் பற்றாது. அவர் தானாக வந்தால்தான் உண்டு.

"அண்ணனுக்குப் போடுங்க. சார்கிட்ட நான் பேசணும்."

சுப்புலக்ஷ்மி எண்ணை அழுத்திக் கொடுத்தார். அண்ணன் எடுத்தார், போன் கை மாறியது. கல்லில் தண்ணீர் விழுந்து ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், உங்க வீட்டு வாசல்லேர்ந்து பேசுறேன்" என்றார் ஞானசிகாமணி. "தரை எப்பவோ காஞ்சு போச்சு சார்."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு களைத்த குரல் கேட்டது. "கழுவிட்டாளா?"

"தலைக்கும் குளிச்சாச்சு."

வெங்கடகிருஷ்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் கேட்டது, ஞானசிகாமணி எதிர்பார்த்த கேள்வி இல்லை. "அந்தப் பெரியவர் உசிரோட இருக்காரா?"

"கண்ணு முழிச்சுட்டாரு. கால் எலும்புதான் முறிஞ்சிருக்கு."

"அப்பனே பத்மநாபா" என்றார் அவர். "கண் ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்தான் ஆறது. எதிர் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியலை. நிறுத்தலை. நிறுத்தியிருக்கணும். கார்லேர்ந்து எறங்க முடியாதபடி காலு விறைச்சுப் போச்சு. அப்படியே திருப்பிண்டு வந்துட்டேன்."

"விபினுக்கு நீங்கதான சார் லீவு குடுத்தீங்க? அவங்க அம்மா எனக்க ஆபீஸ் படியில உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் காய்ச்சல் வந்ததுதான் தப்புன்னு நெனைச்சிட்டு இருக்காங்க."

இதற்குப் பதில் வர வெகு நேரம் ஆயிற்று. ஞானசிகாமணி அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கு முழுக்க அவர் பொறுமையாக இருந்தது அந்த அரை நிமிஷம்தான்.

"எத்தனை மணிக்கு அவனைக் கொண்டு போறா?"

"அஞ்சு."

"நாலுக்குள்ள வரேன்" என்றார் ஆடிட்டர்.

*

சொன்னபடி வந்தார். பஞ்சாபகேசனின் ஜீப் தெருக்கோடியில் நின்றது. ஒல்லியான, கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதர், நேற்று உருட்டிக்கொண்டு போன அதே பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவின் நடுவே நடந்து வந்தார். சிகாகோவில் இருக்க வேண்டிய ஆடிட்டரைத் தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்தார். சட்டை மாற்றிக்கொண்டார். மனைவி கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

ஷாஜியே நேரில் வந்திருந்தார். ஞானசிகாமணியின் காதருகில், "சாரே, சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எப்படி?" என்றார்.

"வெப்சைட்ல போட்டிருக்கு" என்றான் மஹேஷ்.

அவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஸ்டேஷன் பக்கம்தான், நடந்தே போய்விடலாம் என்று ஆடிட்டரே சொன்னார். விபின் இன்று ராத்திரி வீட்டில் சாப்பிடுவான், திங்கட்கிழமை பஸ் ஓட்டப் போவான். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எரிச்சல் இறங்க மாட்டேன் என்றது ஞானசிகாமணிக்கு. முன்னால் போகும் அந்த ஒல்லி முதுகு அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மஹேஷின் போன் அடித்தது. அவன் எடுத்துக் கேட்டான், முகம் மலர்ந்தது. "எத்தியாச்சா? அடிபொளி! போய்ப் பெருக்கும்மா, போ. எறும்பெல்லாம் காத்திண்டிருக்கும்."

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். சுப்புலக்ஷ்மி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். வந்து போனவர்கள் கால் பட்டு வாசல் கோலம் கலைந்து, மாவு கூடம் வரை தடம் தடமாகப் பதிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் துடைப்பம் சாய்ந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை.

"ஏன் சார், எத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஸ்டேஷனுக்கா? பத்து நிமிஷம்மா."

"போற எடத்துல எத்தினா போறும்னுதான் வழக்கம்." அவர் தலையை ஆட்டினார். "இந்தத் தடவை அது போறாது. திரும்பி ஆத்துக்கு எத்தறதுக்குக் கேக்கறேன்."

காலையிலிருந்து எத்தனையோ மணிக் கணக்குப் போட்டவர் ஞானசிகாமணி. தோஹாவுக்குத் தெரியும், சிகாகோவுக்குத் தெரியும், மெல்போர்னுக்குக் கூடத் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

"நான் கூடவே போறேன்மா. என்னைக்கானாலும் சேதியை நானே சொல்லுவேன்."

"சொல்லுங்கோ. அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லி, சுப்புலக்ஷ்மி கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.